மாத்திரையில இருக்கிறதுல நூத்துல ஒரு பங்குகூட உடம்புல சேராதாம். அப்புறம் எதுக்கு மாத்திரை?

வெண்பா_எம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கங்க.

அப்பாவுக்கு 67 வயசு. சர்க்கரை, தைராய்டு ரெண்டும் உண்டு. வாராவாரம் ஊசி போட்டுக்க மாட்டேன்னு அடம்பிடிச்சதால டாக்டர் செமாகுளூடைடை மாத்திரையா எழுதிக் கொடுத்திருக்கார். காலையில எழுந்ததும் வெறும் வயித்துல அரை டம்ளர் தண்ணியோட விழுங்கணுமாம், தண்ணி 120 மி.லி.க்கு மேல போகக்கூடாதாம். அதுக்கப்புறம் அரை மணி நேரத்துக்குக் காபி, சாப்பாடு, மத்த மாத்திரை எதையும் தொடக்கூடாது. சிக்கல் என்னன்னா, அவர் பல வருஷமா போடற தைராய்டு மாத்திரையும் வெறும் வயித்து மாத்திரைதான். எதை முதல்ல போடறது?

இது போதாதுன்னு பெட்டிக்குள்ள இருந்த தாளைப் படிச்சுத் தொலைச்சேன். வாயால எடுத்தா இந்த மருந்து ரத்தத்துல சேர்றது 1 சதவீதத்துக்கும் கீழன்னு போட்டிருக்கு. அப்படின்னா 14 மி.கி. விழுங்கினா கிட்டத்தட்ட முழுசும் வீண்தானே? இந்தத் தாள் அப்பா கையில கிடைச்சா அன்னிக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுடுவார்.

ஏன் இவ்வளவு கம்மியா சேருது? கூட்ட வழியே கிடையாதா? பொடிச்சுத் தண்ணியில கலக்கிக் கொடுத்தா சீக்கிரம் உறிஞ்சாதா? (அவருக்கு மாத்திரை அடிக்கடி தொண்டையில நிக்குது, அதான் கேக்கறேன்.) அப்புறம் இன்னொண்ணு, இதை மாத்திரையாக்க முடிஞ்சவங்க இன்சுலினை ஏன் ஆக்கலை?

மருந்துத் துறையில இருக்கறவங்க யாராச்சும் புரியற மாதிரி சொன்னா புண்ணியமாப் போகும்.


இரவுப்பணி_சிஸ்டர்:

டூட்டியில இருக்கேன், பொடிக்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு ஓடறேன்.

பொடிக்காதீங்க. பாதியா உடைக்கவும் வேண்டாம், மெல்லவும் வேண்டாம். இந்த மாத்திரையை முழுசாத்தான் விழுங்கணும். காரணத்தை மாத்திரைப்பட்டறை சார் வந்தா விளக்குவார், இந்தப் பக்கம் அடிக்கடி வர்றவர்தான்.

பொதுவாவே பேருக்குப் பின்னால எக்ஸ்ஆர், எஸ்ஆர், ஈஆர்னு ஒட்டியிருக்கிற எதையும் கேக்காம பொடிக்கக்கூடாது. நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா வெளிவர வேண்டிய மருந்து ஒரே நேரத்துல கொட்டிடும். குடல்ல போய்க் கரையட்டும்னு மேல கோட்டிங் போட்டதைப் பொடிச்சா, வயித்து அமிலத்துலயே அது சிதைஞ்சு போகும். கேப்ஸ்யூல்னா பிரிச்சுக் கொடுக்கலாம்னு சில பேர் நினைப்பாங்க, அதுவும் எல்லாத்துக்கும் ஒத்து வராது. டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைப் பிரிச்சு உள்ளே இருக்கிற குருணையை மட்டும் கொடுத்தா ரத்தத்துல சேர்றது 75 சதவீதம் வரை கூடிடும். அது ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற மருந்து, அவ்வளவு கூடினா எங்கயாவது கசியத்தான் செய்யும்.

தொண்டையில நிக்கிறதுக்கு ஒரு வழி இருக்கு. 2014ல ஜெர்மனியில பரிசோதிச்சுப் பார்த்தது. அமுக்கினா குழியற பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி எடுத்துக்கங்க. மாத்திரையை நாக்கு மேல வெச்சு, பாட்டில் வாயை உதட்டால இறுக்கி மூடி, தலையை லேசா பின்னால சாய்ச்சு, உறிஞ்சி விழுங்கணும். காத்து உள்ளே போகாம பாட்டில் குழியணும், அதுதான் சரியா செய்யறதுக்கு அடையாளம். அப்பாவுக்குன்னா 120 மி.லி. அளந்து பாட்டில்ல ஊத்தி வெச்சுடுங்க, கணக்கும் சரியா இருக்கும். இது மாத்திரைக்குத்தான். மிதக்கிற கேப்ஸ்யூலுக்கு நேரெதிர், தலையை முன்னால குனிஞ்சு விழுங்கணும்.

ஆனா தண்ணி குடிச்சாலே புரை ஏறுதுன்னா இதெல்லாம் செய்யாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. அது வேற பிரச்சினை.


மாத்திரைப்பட்டறை:

சிஸ்டர் கூப்பிட்டாச்சு, வந்துட்டேன். வேலைக்காலம் முழுக்க ஃபார்முலேஷன் பக்கம் (மருந்தை மாத்திரையாவோ கேப்ஸ்யூலாவோ வடிவமைக்கிற வேலை) இருந்தவன், மருத்துவர் இல்லை. அப்பாவுக்கு எதை எப்போ கொடுக்கணும்கிற முடிவு டாக்டரோடது. ஏன் இப்படிங்கிறதை மட்டும் நான் சொல்றேன்.

முதல்ல அந்த 1 சதவீதம். நீங்க பதறின மாதிரி எங்க ஆட்கள் அதைப் பார்த்துப் பதற மாட்டாங்க. எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கிற அலெண்ட்ரோனேட் மாத்திரையில ரத்தத்துக்குப் போறது 0.6, 0.7 சதவீதம்தான். 1995லேர்ந்து விழுங்கறாங்க, எலும்பு முறிவு குறையுது. டெஸ்மோபிரெசினைப் பாருங்க: மூக்குல அடிக்கிற ஸ்பிரேயில 10 மைக்ரோகிராம் கணக்குன்னா, மாத்திரையில 100, 200 மைக்ரோகிராம் வைக்கணும். வெச்சாங்க, வேலை செய்யுது. சேர்றது குறைவுன்னா மருந்தைக் கூட வெச்சுட்டுப் போகலாம். எங்க தூக்கத்தைக் கெடுக்கிறது வேற: இன்னிக்கு 0.5, நாளைக்கு 2, மறுநாள் 0.3ன்னு ஆடறது. குறைவைச் சரிக்கட்ட டோஸை ஏத்தலாம். ஆட்டத்தை என்ன செய்ய?

ஒரு மருந்தைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்து மணிக்கு மணி ரத்தம் எடுத்து அளப்போம். எல்லாருடையதையும் சேர்த்துச் சராசரியா வரைஞ்ச கோடு அழகா ஏறி அழகா இறங்கும், மேலிடத்துக்குக் காட்ட அதுதான் வசதி. நான் ஆளாளுக்குத் தனித்தனிக் கோடா ஒரே தாள்ல போட்டுக் கொண்டாங்கன்னு கேப்பேன். ஒருத்தருக்கு முக்கால் மணியில உச்சம் வந்திருக்கும், இன்னொருத்தருக்கு நாலு மணி நேரம் கழிச்சு. மூணாவது ஆளோட கோடு தரையோட ஊர்ந்துட்டுப் போயிருக்கும். மருந்தோட குணம் அந்தத் தாள்லதான் தெரியும்.

எங்கே ஆடுதுன்னு கேட்டா, வழி நெடுகத்தான். வெறும் வயித்துல பி.எச். (எண் குறைஞ்சா அமிலம் கூடுதல்) 1லேர்ந்து 2, சாப்பிட்டதும் 4, 5ன்னு ஏறும். பென்சிலின் ஜி அந்த அமிலத்துல சிதைஞ்சு போறதாலதான் பெரும்பாலும் ஊசி. பென்சிலின் வி தாங்கும், அதனால மாத்திரை. ஒமெப்ரசோலை நினைச்சா எனக்கு எப்பவும் சிரிப்பு வரும்: அமிலத்தைக் குறைக்க வந்த மருந்து, அதுவே அமிலத்துக்குப் பயந்து உறைக்குள்ள ஒளிஞ்சு குடலுக்குப் போகுது. நேரெதிரும் உண்டு. இட்ராகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்தோட கேப்ஸ்யூல் கரையறதுக்கே அமிலம் வேணும். கூட ஒமெப்ரசோல் போட்டா அது சேர்றது கணிசமா குறைஞ்சுடும்.

அப்புறம் இரைப்பையோட கீழ்வாசல். வெறும் வயித்துல குடிச்ச தண்ணி வெகு சீக்கிரம் இறங்கிடும். கரையாத பெரிய மாத்திரை அப்படி இறங்காது. ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வயித்தைக் கூட்டிப் பெருக்கற ஒரு அலை வரும், அதுக்காகக் காத்திருக்கணும். அலை போன மறுநிமிஷம் விழுங்கினவரும், அலை வர்ற நேரத்துல விழுங்கினவரும் ஒரே மாத்திரையைத்தான் போட்டாங்க. வேலை தொடங்கற நேரம் மட்டும் ரெண்டு பேருக்கும் ரெண்டு.

சிறுகுடலோட உட்பரப்பு டென்னிஸ் மைதானம் அளவுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. 2014ல ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடியும் கணக்குப் போட்டு, மொத்த உணவுப்பாதைக்கும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான்னு சொன்னாங்க. ஏறக்குறைய பாதி இறகுப்பந்து மைதானம். அதுவும் பெரிய இடம்தான். ஆனா மாத்திரை சிறுகுடலைக் கடக்க மூணு, நாலு மணி நேரம்தான் எடுக்கும். அதுக்குள்ள மருந்து கரையணும், குடல் சுவரோட செல்லுக்குள்ள நுழையணும். நுழைஞ்சதை வெளியே துப்பவே பி-கிளைக்கோபுரதம்னு ஒரு பம்ப் அங்கே இருக்கு. அதுகிட்ட தப்பினா மருந்தைச் சிதைக்கிற 3ஏ4ங்கிற நொதி. அதையும் தாண்டினா போர்ட்டல் சிரை வழியா நேரா கல்லீரல், அங்கேயும் அதே நொதி.

ஃபெலோடிபின்னு ஒரு ரத்த அழுத்த மருந்து. குடல்ல ஏறக்குறைய முழுசா உறிஞ்சப்படுது, உடம்புக்கு மிஞ்சறது 15லேர்ந்து 20 சதவீதம். 1980களின் கடைசியில கனடாவுல டேவிட் பெய்லி குழு இந்த மருந்தை மதுவோட எடுத்தா என்ன ஆகும்னு சோதிச்சாங்க. மது வாசனை தெரியாம இருக்க கிரேப்ஃப்ரூட் சாறுல கலந்து கொடுத்தாங்க. ரத்தத்துல மருந்து எதிர்பார்த்ததைவிட எக்கச்சக்கம். மது மேல சந்தேகப்பட்டா, காரணம் சாறு! குடல் சுவர்ல இருக்கிற 3ஏ4-ஐ அது முடக்கிப் போட்டிருந்தது. 1989ல வெளியிட்டாங்க.

குறைவும் ஆட்டமும் எப்படிச் சேர்ந்தே வருதுன்னு இங்கே பாருங்க. 95 சதவீதம் சேர்ற மருந்துல 5 புள்ளி கூடினாலும் குறைஞ்சாலும் நோயாளிக்கு ஒண்ணும் தெரியாது. 5 சதவீதம் சேர்ற மருந்துல அதே 5 புள்ளி கூடினா டோஸ் இரட்டிப்பு.

இப்போ அப்பாவோட மாத்திரைக்கு வருவோம். வாயால போற மருந்துக்கு மூலக்கூறு எடை 500க்குள்ள இருக்கிறது நல்லதுன்னு 1997ல லிபின்ஸ்கி ஒரு விதி சொன்னார். செமாகுளூடைடோட எடை சுமார் 4,100. அதுவும் பெப்டைடு, அதாவது புரதத் துண்டு மாதிரி; வயித்துல புரதத்தை வெட்டற பெப்சின்ங்கிற நொதி கண்ணுல பட்டா வெட்டிடும். அதனால சால்கேப்ரோசேட் சோடியம்னு ஒரு துணைப்பொருளை 300 மி.கி. சேர்த்து அழுத்தியிருக்காங்க, நாங்க ஸ்னாக்னு சொல்லுவோம். 14 மி.கி. மருந்துக்கு 300 மி.கி. துணை! மாத்திரை இரைப்பைச் சுவர் மேல உட்கார்ந்து அரிஞ்சு அரிஞ்சு கரையும். கரையற இடத்துல மட்டும் ஸ்னாக் அமிலத்தைத் தணிச்சு பெப்சினை மந்தமாக்கும், அதே இடத்துல செல் சவ்வைக் கொஞ்ச நேரம் இளக்கிக் கொடுக்கும். அந்தச் சின்ன வட்டத்துல, அந்தக் கொஞ்ச நேரத்துல மருந்து உள்ளே போயாகணும். குடல்லகூட இல்லை, இரைப்பையிலேயே. நாய்களுக்கு இரைப்பையோட கீழ்வாசலைக் கட்டி வெச்சும் மருந்து ரத்தத்துக்கு வந்ததைப் பார்த்துத்தான் இதை உறுதி செஞ்சாங்க.

இதை மனசுல வெச்சுக்கிட்டு அந்த விதிகளைத் திரும்பப் படிங்க. தண்ணி கூடினா ஸ்னாக் நீர்த்துப் போகும். உள்ளே சாப்பாடு இருந்தா மாத்திரை சுவரைத் தொடாது. பொடிச்சா மருந்தும் ஸ்னாக்கும் வயிறு பூரா சிதறும், எந்த இடத்துலயும் ரெண்டும் போதிய அடர்த்தியில சேராது. அந்த 120 மி.லி. தண்ணியும் அரை மணி நேரமும் ஃபார்முலேஷனோட ஒரு பகுதி. மாத்திரைக்குள்ள வைக்க முடியாததைத்தான் தாள்ல எழுதி அனுப்பறோம்.

இத்தனைக்கு அப்புறமும் நாளுக்கு நாள் ஆடத்தான் செய்யும். இந்த மருந்தைக் காப்பாத்தறது அதோட அரை ஆயுள் (ரத்தத்துல இருக்கிறது பாதியா குறையற நேரம்), ஏறக்குறைய ஒரு வாரம். ஒரு நாள் கூடச் சேர்ந்தது, ஒரு நாள் குறைஞ்சது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து சமன் ஆயிடும். 14 மி.கி. போடறவர் வாரத்துக்கு 98 மி.கி. விழுங்கறார். அவர் ஊசிக்கு மாறணும்னா வாரம் 0.5 மி.கி.க்கு மாறலாம்னு மருந்து விவரத்துலயே இருக்கு. வீண்னு பார்த்தா பெரிய வீண்தான். ஆனா சேர்ற அந்தச் சொச்சம் ஒழுங்கா சேருது.

இன்சுலினுக்கு அந்த வசதி கிடையாது. ரத்தத்துல அது நிக்கிறது நிமிஷக் கணக்குல, ஒரு வேளைக்குக் கொஞ்சம் கூடினாலும் சர்க்கரை இறங்கி ஆள் மயங்கி விழுவார். இன்னிக்கு அரை சதவீதம், நாளைக்கு ரெண்டு சதவீதம்னா நாலு மடங்கு டோஸ், யோசிச்சுப் பாருங்க. நீண்ட நேரம் நிக்கிற மாதிரி மாத்தியமைச்ச ஒரு இன்சுலினை மாத்திரையாக்கி 8 வாரம் சோதிச்ச முடிவு 2019ல வந்துச்சு. கிளார்ஜின்ங்கிற இன்சுலின் ஊசி அளவுக்கே சர்க்கரையைக் கட்டுப்படுத்திச்சு. ஆனாலும் திட்டத்தைக் கைவிட்டாங்க. சேர்றது அவ்வளவு கொஞ்சம், தேவைப்படற இன்சுலினை அந்த அளவுல தயாரிக்கக் கட்டுப்படியாகலை. கூட வெச்சுட்டுப் போகலாம்னு மேல சொன்னேனே, அதுக்கும் எல்லை இங்கே வந்துடுது.


சும்மா_வாசகன்:

பிரமாதம் சார், கிளாஸ்ல இப்படி யாரும் சொல்லித் தரலை. ஆனா ஒரு சந்தேகம். மிளகுல இருக்கிற பைப்பெரினைச் சேர்த்தா உறிஞ்சறது 2000 சதவீதம் கூடுதுன்னு எல்லா சப்ளிமெண்ட் டப்பாவுலயும் போட்டிருக்கான். எல்லா மாத்திரையிலயும் அதைச் சேர்த்துட்டா வேலை முடிஞ்சுது இல்லையா? எதுக்கு ஸ்னாக், கோட்டிங் எல்லாம்?


மாத்திரைப்பட்டறை:

அந்த 2000 சதவீதம் 1998ல வந்த குர்குமின் (மஞ்சள்ல இருக்கிற பொருள்) ஆய்வு. 2 கிராம் குர்குமினோட 20 மி.கி. பைப்பெரின். எண் பொய் இல்லை. ஆனா குர்குமினைத் தனியா கொடுத்தப்போ ரத்தத்துல அது அகப்படவே இல்லை, இல்லாட்டி ரொம்பக் கொஞ்சம். அதை இருபது மடங்காக்கினாலும் வர்றது கொஞ்சம்தான். டப்பாவுல மடங்கை மட்டும் போடுவாங்க, எதோட மடங்குன்னு போட மாட்டாங்க.

அதைவிடப் பெரிய விஷயம், பைப்பெரின் எப்படி வேலை செய்யுதுங்கிறது. உடம்பு மருந்தைக் கழிச்சுத் தள்ற வழிகளை அது அடைக்குது, 3ஏ4, பி-கிளைக்கோபுரதம் உட்பட. குர்குமினுக்கு மட்டும் அடைச்சுட்டு மத்த மருந்துகளுக்கு விட்டுக் கொடுக்கத் தெரியாது அதுக்கு. ஒருத்தர் நாலு மாத்திரை போடறார்னா நாலோட அளவும் ஆடும்.

அடைக்கிறதே தப்புன்னு சொல்லலை. ரிட்டோனவிர் அப்படித்தான் பயன்படுது: 100 மி.கி. கொடுத்து 3ஏ4-ஐ முடக்கி, கூட இருக்கிற லோபினவிர், நிர்மாட்ரெல்விர் மாதிரி வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை ரத்தத்துல நிக்க வைக்கிறது. ஆனா அது அளவு தெரிஞ்சு செய்யறது, கூடச் சேரக்கூடாத மருந்துகளோட பெரிய பட்டியலும் கையோட வரும்.

ரிட்டோனவிர் பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லணும். எங்க துறையில இருக்கறவங்களைப் பயமுறுத்த இந்த ஒரு மருந்துப் பேர் போதும். 1996ல எச்.ஐ.வி.க்கு வந்துச்சு. 1998ல திடீர்னு கேப்ஸ்யூல்கள் டிசல்யூஷன் சோதனையில (மருந்து சரியா கரையுதான்னு பார்க்கறது) தோக்க ஆரம்பிச்சுது. அதே மூலக்கூறு, அதே தூய்மை. ஆராய்ஞ்சா, அதுவரைக்கும் யாரும் பார்க்காத வேற ஒரு படிக வடிவம் உருவாகியிருந்தது, ரெண்டாம் வடிவம். மூலக்கூறுகள் இன்னும் நெருக்கமா, இன்னும் உறுதியா அடுக்கிக்கிட்டதால பழையதைவிட ரொம்பக் குறைவாத்தான் கரைஞ்சுது. கொடுமை என்னன்னா, அந்தப் புது வடிவம் துளி இருந்தாப் போதும், மத்ததையும் தன் வடிவத்துக்கு இழுத்துடும். கேப்ஸ்யூலைச் சந்தையிலேர்ந்து திரும்ப எடுத்தாங்க. நோயாளிகள் அதே மருந்தோட திரவ வடிவத்தை, வாயில வைக்க முடியாத சுவையோட, குடிக்க வேண்டி வந்துச்சு. அடுத்து ஃபிரிட்ஜ்ல வைக்க வேண்டிய கேப்ஸ்யூல் வந்து, சாதாரண வெப்பத்துல வைக்கக்கூடிய மாத்திரை வர்றதுக்கு 2010 ஆச்சு.

இந்தக் கதையை ஏன் இழுத்தேன்னா, வெண்பா கேட்ட "கூட்ட வழியே கிடையாதா"வுக்குப் பாதிப் பதில் கரையறதுலதான் இருக்கு. இப்போ புதுசா கண்டுபிடிக்கிற மூலக்கூறுகள்ல நிறைய தண்ணியில கரையவே மாட்டேங்குது. கற்கண்டைவிடப் பொடிச்ச சர்க்கரை சீக்கிரம் கரையற மாதிரி, துகளைச் சின்னதாக்கினா பரப்பு கூடும், கரையற வேகம் கூடும். நாயஸும் விட்னியும் 1897லயே சமன்பாடு எழுதிட்டாங்க. கிரிசியோஃபுல்வின்ங்கிற பூஞ்சை மருந்தை நுண்துகளா அரைச்சது அந்தக் கணக்குலதான். பின்னால சிரோலிமஸ், அப்ரெபிடன்ட் மாதிரி மருந்துகள் எல்லாம் நானோ அளவுக்குப் போச்சு. (இந்த மாதிரி அரைக்கிறது வேற, நீங்க வீட்டுல மாத்திரையைப் பொடிக்கிறது வேற!) இன்னொரு வழி, படிகமே ஆகவிடாம பாலிமரோட சேர்த்து உருக்கி இழுக்கறது. மூலக்கூறுகள் ஒழுங்கா அடுக்கிக்க வழியில்லாம உறைஞ்சு நிக்கும், தண்ணி பட்டதும் சட்டுனு வெளியே வரும். லோபினவிர்-ரிட்டோனவிர் சேர்ந்த மாத்திரை 2005ல இப்படித்தான் வந்துச்சு. சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம், ஃபிரிட்ஜும் வேண்டாம்.

சுவர்ல நுழையறதுதான் சிக்கல்னா மூலக்கூறையே கொஞ்சம் மாத்தணும். அசைக்ளோவிர்ங்கிற வைரஸ் எதிர்ப்பு மருந்து 10லேர்ந்து 20 சதவீதம்தான் சேரும். அதுல வாலைன்னு ஒரு அமினோ அமிலத்தை ஒட்டினா வாலசைக்ளோவிர். குடல் அதைப் பெப்டைடுன்னு நினைச்சு உள்ளே கொண்டுபோகுது, உள்ளே போனதும் ஒட்டினது கழண்டுடும். சேர்றது சுமார் 54 சதவீதம். நான் வேலையில பார்த்த தந்திரங்கள்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது.

ஆனா ஆட்டத்தை அடக்கினதுக்குப் பரிசு கொடுக்கச் சொன்னா சைக்ளோஸ்போரினுக்குக் கொடுப்பேன். உறுப்பு மாற்று செஞ்சவங்களுக்கான மருந்து. குறைஞ்சா உடம்பு புது உறுப்பை நிராகரிக்கும், கூடினா சிறுநீரகம் கெடும். எடை 1,200, தண்ணியில கரையாது. முதல்ல வந்த எண்ணெய் வடிவத்துல சேர்ந்த அளவைக் கேட்டா நம்ப மாட்டீங்க: கல்லீரல் மாற்று செஞ்சவங்கள்ல 10 சதவீதத்துக்கும் கீழ, சிறுநீரக மாற்று செஞ்சவங்கள்ல சிலருக்கு 89 சதவீதம் வரை. எண்ணெயை உடைக்கப் பித்தநீர் வேணும், அது ஆளுக்கு ஆள் வேற. 1990களின் நடுவுல வந்த மைக்ரோஎமல்ஷன் வடிவம் பித்தநீரை அவ்வளவா நம்பாம, வயித்துத் தண்ணி பட்டதும் தானே நுண்துளிகளா பிரியும். சேர்றதும் கூடிச்சு, ஆட்டமும் குறைஞ்சுது. மருத்துவருக்கு ரெண்டாவதுதான் பெருசு.

சாப்பாட்டு விதியைக் கேலி செய்யறவங்க அபிராட்டெரோனைப் பார்க்கணும். புராஸ்டேட் புற்றுநோய் மருந்து, 1,000 மி.கி. வெறும் வயித்துல. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல 10 மடங்கு வரை ஏறும். அப்போ சாப்பாட்டோட கொடுத்து டோஸைக் குறைக்கலாமேன்னு தோணும் இல்லையா? 2018ல ஒரு சின்னச் சோதனையில கொழுப்பு குறைஞ்ச காலை உணவோட 250 மி.கி. கொடுத்துப் பார்த்தாங்க. வெறும் வயித்து 1,000 மி.கி.க்குக் குறையாத பலன். ஆனா தினமும் ஒரே மாதிரி சாப்பிடற மனுஷன் யாரு? காலி வயிறு எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மருந்து வீணானாலும் பரவாயில்லைன்னு தாள்ல "வெறும் வயித்துல"ன்னு எழுதறது அதுக்குத்தான்.


சும்மா_வாசகன்:

டப்பாவைத் தூக்கிப் போடறேன் சார். 😀 இன்சுலின் மாத்திரைக்கு வேற முயற்சியே நடக்கலையா?


மாத்திரைப்பட்டறை:

நடக்குது. 2019ல அமெரிக்காவுல எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு ஒண்ணு சின்ன கேப்ஸ்யூல் செஞ்சாங்க. சிறுத்தை ஆமையோட ஓட்டு வடிவம், எப்படி விழுந்தாலும் தானே நிமிர்ந்து உட்காரும். நிமிர்ந்ததும் உள்ளே ஸ்பிரிங்கைப் பிடிச்சிருக்கிற சர்க்கரைத் தட்டு கரையும், காய்ஞ்ச இன்சுலினாலேயே செஞ்ச ஊசிமுனை இரைப்பைச் சுவர்ல இறங்கும். இரைப்பைச் சுவர்ல வலி தெரியாது. பன்றிகள்ல வேலை செஞ்சுது. உறிஞ்சட்டும்னு காத்திருக்காம ஊசியையே விழுங்கற ஏற்பாடு. எனக்கு ஆசையும் இருக்கு, சந்தேகமும் இருக்கு. தினமும் மூணு வேளை, வருஷக்கணக்குல ஒவ்வொரு தடவையும் நிமிரணுமே.


வெண்பா_எம்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பாட்டில் முறை வேலை செஞ்சுது சிஸ்டர், ரெண்டாவது தடவையிலேயே இறங்கிடுச்சு. 1 சதவீதத்தை அப்பாகிட்ட நானே சொல்லிட்டேன். "அப்போ ஊசியில போடறது அரை மில்லிகிராம்தானா, அதுக்கா இத்தனை நாள் பயந்தேன்"னு கேக்கறார். இப்போ ஊசிக்கே மாறிடலாமான்னு யோசனை!

தைராய்டு கேள்விக்கு மட்டும் பதில் வரலை. டாக்டரை வியாழக்கிழமை பார்க்கறோம். அவர்கிட்ட என்ன கேக்கணும்?


இரவுப்பணி_சிஸ்டர்:

மூணு விஷயம் கேளுங்க. தைராய்டு மாத்திரையை ராத்திரிக்கு மாத்தலாமா? படுக்கப் போறப்போ, சாப்பிட்டு மூணு மணி நேரம் ஆனதுக்கு அப்புறம் போடறது ஒரு வழி. 2010ல நெதர்லாந்துல ஒரு சோதனையில காலையைவிட ராத்திரி போட்டப்போ ரத்தத்துல தைராய்டு அளவு நல்லா இருந்துச்சு. காலையில ரெண்டுக்கும் நடக்கிற சண்டையும் தீரும். ஆனா அப்பா ராத்திரி லேட்டா சாப்பிடறவர்னா இது சரிப்படாது.

ரெண்டாவது, டி.எஸ்.எச். டெஸ்ட்டை (தைராய்டு டோஸ் சரியான்னு பார்க்கற ரத்தப் பரிசோதனை) மறுபடி எப்போ எடுக்கணும்? தைராய்டு மாத்திரையை செமாகுளூடைடு மாத்திரையோட சேர்த்துக் கொடுத்த சோதனையில ரத்தத்துல தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) 33 சதவீதம் கூடியிருக்கு. வயிறு மெதுவா காலியாகிறது காரணமா இருக்கலாம். அதனால பழைய டோஸே இப்போ அதிகமா தெரியலாம். படபடப்பு, கை நடுக்கம் இருந்தா வியாழன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.

மூணாவது, மத்த மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, பட்டியல் மட்டும் போதாது. கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ ராத்திரி சாப்பாட்டோட போடறாரா? அப்படின்னா அதை மதியத்துக்குத் தள்ளணும். தைராய்டு மாத்திரைக்கும் அதுக்கும் நடுவுல 4 மணி நேரம் வேணும்.


வெண்பா_எம்:

கால்சியம் ராத்திரிதான் போடறார்! சரி, பையோட போறேன்.